இரண்டு பேருக்கு இரண்டு இடம்

நெய்வேலி டவுன்ஷிப்பில், அப்பாவின் கம்பெனி கொடுத்த எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதில் நானும் என் தம்பியும் நான்கு வருடம் ஒரே ஆன்லைன் விளையாட்டை ஆடினோம். அவன் என்னைவிட ஐந்து வயது சின்னவன். எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பார்கள். நமக்கென்று ஓர் ஆளை உருவாக்கி, பெயர் வைத்து, சண்டை போட்டுச் சம்பாதித்து மாதக்கணக்கில் வளர்க்க வேண்டும். நுழையக் காசில்லை. நுழைந்த பிறகுதான் நம் பையில் கைவைப்பார்கள். புது நாட்டுக்குள் போகக் காசு, பெரிய பைக்குக் காசு, குதிரைக்கு, உடுப்புக்கு, தலையில் மாட்டிக்கொள்கிற கொம்புக்குக்கூடக் காசு.

அக்கவுண்ட் என் பெயரில் இருந்தது, காசும் என்னுடையது. டவுன்ஷிப்பிலேயே ஓர் அலுவலகத்தில் கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். அக்கவுண்டுக்கு இரண்டு ஆட்கள் இலவசம். ஒன்று அவனுடைய வாள்வீரன், இன்னொன்று என்னுடைய வைத்தியச்சி. ஒரே அக்கவுண்ட் என்பதால் இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போக முடியாது. நான் வேலை முடிந்து சைக்கிளில் வந்து, காபி குடித்துவிட்டு ஐந்தரைக்கு உட்கார்ந்தால், ஏழரைக்கு அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆள் செகண்ட் ஷிஃப்ட் ஆளிடம் மெஷினை ஒப்படைக்கிற மாதிரி நான் எழுந்துகொள்வேன்.

இரண்டு ஆட்களுக்கும் பொதுவாக உள்ளே ஒரு பெட்டி உண்டு. நான் காய்ச்சிய மருந்துகளை அவன் வீரனுக்காக அதில் வைத்துவிட்டு எழுவேன். மறுநாள் திறந்தால் அவன் காட்டில் பறித்த மூலிகையும் எனக்கு வேண்டிய துணியும் இருக்கும். வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டது சோறு, சட்டை, சார்ஜர் பற்றித்தான். மற்றதெல்லாம் அந்தப் பெட்டி வழியாகப் போய்வந்தது.

வருடத்துக்கு இரண்டு தடவை தள்ளுபடி போடுவார்கள். அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் சண்டைதான். எனக்குச் சில சட்டங்கள் இருந்தன. உடுப்பு வாங்கக் கூடாது, அது அடி வாங்காது, அடிக்கவும் செய்யாது. குதிரை வாங்கக் கூடாது, நடந்து போனால்தான் வழியில் மூலிகை கண்ணில் படும். புது நாடு என்றால் முதலில் போனவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று மூன்று நாள் படிக்க வேண்டும். இரண்டு சாயங்காலத்தில் முடிந்துபோகிற நாட்டுக்கு யார் காசு கொடுப்பது? பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சாமான் வைக்க இடம் இல்லாதவன் எந்த நாட்டுக்குப் போய் என்ன?

தம்பிக்குக் குதிரை மேல் கண். கத்திரிக்காயைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிற மாதிரி கேம் வாங்குகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்பான். சொத்தைக் கத்திரிக்காயைச் சம்பளம் வாங்குகிறவன் வாங்கட்டும் என்பேன். காசு என்னுடையது என்பதால் பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். முதல் தள்ளுபடியில் பை வாங்கினோம், அடுத்ததில் ஒரு சதுப்பு நிலத்து நாடு. அந்த நாட்டில்தான் என் வைத்தியச்சி உண்மையிலேயே வைத்தியச்சி ஆனாள். முன்பின் தெரியாதவர்கள் சண்டைக்குப் போகும்போது அவளைத் தேடிக் கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் என்னை அப்படி யாரும் தேடியதில்லை.

ஒவ்வொரு தடவையும் அவன் கடைசியாகக் கேட்பது ஒன்று உண்டு. இன்னும் ஓர் ஆளுக்கு இடம். ஸ்லாட் என்பார்கள். விலை அதிகமில்லை. அதை வாங்கினால் மூன்றாவதாக ஓர் ஆளை உருவாக்கிக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு தடவையும் மறுத்தேன்.

"ரெண்டு பேருக்கு ரெண்டு எடம். மூணாவது ஆளு யாருடா?"

அப்படி மடக்கிவிட்டதில் எனக்கு ஒரே பெருமை.

எனக்குக் கல்யாணம் வைகாசியில். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. நான் வேலையை விட்டேன். பத்திரிகை கொடுக்கப் போய் வந்துகொண்டிருந்த அதே வாரம் தள்ளுபடியும் வந்தது. கடைசிச் சம்பளம் கையில் இருந்தது. அந்த முறை விற்பனைக்கு வந்த நாடு பெரியது. அதை வாங்கினால் புது வகை ஆள் ஒருவனையும் உருவாக்கலாம், மிருகங்களைப் பழக்குகிறவன். தம்பி அதைப் பார்த்துப் பார்த்து ஏங்கினான். விலையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, போகிற இடத்திலிருந்து இனி எப்போது வாங்கித் தரப்போகிறோம் என்று வாங்கிவிட்டேன். ஸ்லாட் மட்டும் வாங்கவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தவள் நான். அக்கவுண்டில் கொஞ்சம் மீதி இருந்தது. யோசித்துச் செலவு செய் என்று அவனிடம் சொல்லிவிட்டுத் தாலி கட்டிக்கொண்டு போனேன்.

ஆடிக்கு அப்பாவும் அம்மாவும் சீர் கொண்டுவந்து வைத்து என்னை அழைத்துப்போனார்கள். நெய்வேலிக்கு வந்த மறுநாளே எனக்குக் காய்ச்சல். அம்மா கம்பெனிக் குடும்பங்கள் இலவச வைத்தியத்துக்குக் காட்டுகிற ஆஸ்பத்திரி புத்தகத்தை எடுக்கவில்லை, பர்ஸை எடுத்தாள். கல்யாணமான பெண்ணின் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்க முடியாது, அது விதி. கல்யாணம் முடிந்த வாரமே அப்பா எழுதிக்கொடுத்து என் பெயரை எடுத்துவிட்டிருந்தார். பிறந்ததிலிருந்து டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டவள், பஜாரில் தனியார் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். விதியோடு யார் சண்டை போடுவது? மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தேன்.

காய்ச்சல் விட்ட அன்று சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். தம்பி கல்லூரியிலிருந்து வந்து பக்கத்தில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விளையாட்டைத் திறந்தால் முதலில் நம் ஆட்கள் வரிசையாக நிற்கிற திரை வரும். அதில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் வாள்வீரன். இன்னொருவன் தோளில் பருந்தோடு கறுப்புக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தான். அவனை எனக்குத் தெரியாது.

என் வைத்தியச்சி எங்கே என்று கேட்டேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, புது ஆளை உருவாக்க இடம் வேண்டியிருந்தது என்றான். இடம் வாங்க அக்கவுண்டில் காசு இருந்ததே என்றேன். அதில்தான் குதிரை வாங்கினேன் என்றான். குதிரைக்குக் காசு இருந்திருக்கிறது, எனக்கு இருக்கவில்லை.

"உன் வீரன அழிச்சிருக்கலாமேடா."

"அது என்னோடதாச்சேக்கா."

இதை அவன் திமிராகச் சொல்லவில்லை. கேட்கிற கேள்வியா இது என்பதுபோல் சொன்னான். நான் பதறிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவனுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். அவளுடைய சாமானையெல்லாம் தூக்கிப்போடவில்லை, பொதுப் பெட்டியில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அழித்தேன் என்று திறந்து காட்டினான். உண்மைதான். அவளுடைய அங்கி, கோல், மருந்து காய்ச்சும் பானை, நான்கு வருடச் சேமிப்பு எல்லாம் அடுக்கி இருந்தது. உள்ளறையில் என் புடவைகளையும் அம்மா அப்படித்தான் மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றியிருந்தாள்.

அந்த விளையாட்டில் ஓர் ஆளை அழிப்பது கைதவறி நடக்கிற காரியம் இல்லை. நிச்சயம்தானா என்று கேட்கும். ஆமாம் என்றால், அந்த ஆளின் பெயரை எழுத்து எழுத்தாக அடிக்கச் சொல்லும். என் தம்பி அதை அடித்திருக்கிறான். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கேட்டால் திருப்பித் தருவார்கள். நான் ஓசூரில் புது அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அந்த ஒரு மாதமும் போய்விட்டது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா குறிஞ்சிப்பாடிக்காரி. டவுன்ஷிப்பில் இத்தனை வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை. தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தான் என்றாள். அவளைக் கேட்டிருக்கிறான். அவள் உத்தரவு கொடுத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா, என்னிடம் போன் இல்லையா என்று கத்தினேன். அம்மா அரிசி களைந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"நீ அங்க குடும்பத்தப் பாத்துகினு இருப்பியா, இத வெளாடிகினு இருப்பியா? ஆஸ்பத்திரி புக்குலயே பேர எடுத்தாச்சு. இதுல எடுத்தா என்னா இப்ப?"

அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நான் விதி என்று விழுங்கிக்கொண்டதை அவள் உதாரணம் காட்டினாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆடி முடியும்வரை தம்பியிடம் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது பஸ்ஸில் பையை ஏற்றிவிட்டு, வேண்டுமானால் புதிதாக ஒன்று ஆரம்பித்துக்கொள், நான் சீக்கிரம் வளர்த்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடமாகிறது. அவனுக்கு இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிற கம்ப்யூட்டர் வேலை. விளையாட்டை விடவில்லை. அக்கவுண்ட் இன்றுவரை என் பெயரில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. உள்ளே என்ன வாங்கினாலும் ஓடிபி என் போனுக்குத்தான் வரும். ஆகவே தள்ளுபடி வாரங்களில் என் தம்பிக்கு என் ஞாபகம் வரும். முதலிரண்டு வருடம் எது வாங்கலாம் என்று கேட்டான், நானும் படித்துப் பார்த்துச் சொன்னேன். பிறகு கேட்பதில்லை. நலம் விசாரிப்பான், நம்பர் கேட்பான், வைத்துவிடுவான். தம்பி கூப்பிட்டால் என் கணவர் சிரிப்பார், நம்பரைக் கொடுத்து அனுப்பு என்பார். நானும் கொடுப்பேன். கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும், ஒரு விளையாட்டுக்காகவா என்று கேட்பார்கள்.

போன தையில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அந்தப் பெண் நல்ல பெண், அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணமான நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டான். நம்பர் வரும் என்றான். என்ன வாங்குகிறாய் என்று ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்டேன்.

"எடம்க்கா. இவளும் வெளாடறேன்றா."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. ஆறு எண்களும் கண்முன்னால் இருந்தன. வரவில்லை என்றேன். அவன் மறுபடி அனுப்பினான். மறுபடி வந்தது. வரவில்லை என்றேன். மூன்றாவது முறையும் அதையே சொன்னேன். பொய்தான். பத்து நிமிடம் போனால் அந்த எண் செத்துப்போகும், போகட்டும் என்று நினைத்தேன். ஆறு வருடத்தில் நான் மறுத்ததால் அந்த வீட்டில் நடக்காமல் போன ஒரே காரியம் இதுவாகத்தான் இருக்கும் என்று ஓர் அற்ப சந்தோஷம்கூட வந்தது.

"சரி வுடுக்கா, வரலன்னா போவுது," என்றான் தம்பி. "என் பழைய வீரன அழிச்சிட்டு அந்த எடத்த இவளுக்குக் குடுத்துடறேன். சும்மாதான கெடக்கறான்."

அது என்னோடதாச்சே என்று சொன்ன அதே வாய். யோசிக்கக்கூட இல்லை. கட்டிக்கொண்டு வந்த நான்காவது மாதம் ஒருத்திக்கு, கேட்காமலே, தன்னுடையதை அழித்து இடம் விடுகிறான். கூடப் பிறந்து நான்கு வருடம் காசு கட்டியவளுக்கு அந்த மனசு வரவில்லை. அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"இரு," என்றேன். "நம்பர் வந்துடுச்சு."

ஒவ்வொன்றாகப் படித்தேன். அவன் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான். வாங்கியாகிவிட்டது என்று பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் சந்தோஷமாகக் கேட்டது. எனக்கு நன்றி சொல்லச் சொல்லி அவனிடம் சொன்னாள்.

பெருந்தன்மை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்காக அழிக்காததை அவன் வேறு யாருக்காகவும் அழித்துவிடக் கூடாது என்றுதான் படித்தேன்.