டாக்டரம்மா கேட்ட பாரஃபின்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் ஆற்காட்டுக்காரர். இங்கிலீஷ் என்பது ஒரே பாஷை என்றுதான் அவரும் நினைத்திருக்க வேண்டும். பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகச் சேர்ந்தேன். அது அப்படி இல்லை என்று அங்கேதான் தெரிந்தது.

எங்கள் டாக்டரம்மா அமெரிக்கப் பெண்மணி. இந்த ஊருக்கு வந்து வெகு காலமாகியிருந்ததால் தமிழ் சரளமாக வரும், ழகரம் மட்டும் வராது. வார்டுகளைப் பார்த்துக்கொள்ள லண்டன் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு சிஸ்டர் வந்தார். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த பங்களாவில் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள்.

சிஸ்டர் வந்த புதிதில் ஒரு நோயாளியை ‘செகண்ட் ஃப்ளோருக்கு’ அனுப்பச் சொன்னார் டாக்டரம்மா. எங்கள் கட்டடத்துக்கு ஒரே ஒரு மாடிதான். சிஸ்டர் படியேறிப் போய், அதற்கும் மேலே போக வழி தேடிவிட்டு இறங்கி வந்தார். அவருடைய நாட்டில் படியேறிய பிறகுதான் முதல் ஃப்ளோர் ஆரம்பமாகிறது. அமெரிக்காவில் தரையிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். நாங்கள் மாடி என்று சொல்லிக்கொண்டு இதில் தலையிடாமல் இருந்தோம். சாப்பாட்டு மேஜையில் பிஸ்கட் விஷயமாகவும் ஏதோ நடந்ததாகப் பங்களாச் சமையல்காரர் சொன்னார். ஒருவருக்கு அது மெத்தென்ற ரொட்டியாம், மற்றவருக்கு மொறுமொறுப்பான பண்டமாம்; அதற்குமேல் எனக்குத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் குடியாத்தத்திலிருந்து ஒரு நெசவுக்காரப் பெண் வந்தாள். பாவு நூலுக்குப் போடக் காய்ச்சிய கஞ்சி வலது கையில் கொட்டிவிட்டது. கொதிக்கும் கஞ்சி தண்ணீரைப் போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். முழங்கையிலிருந்து விரல்வரை தோல் உரிந்திருந்தது. “கை போச்சுன்னா எங்க வூட்ல தறி நின்னுபோயிடும்மா” என்று என்னிடம் சொன்னாள். அழவில்லை.

டாக்டரம்மா புண்ணைக் கழுவிவிட்டு, தலை நிமிராமல் சிஸ்டரிடம், “பாரஃபின் வேண்டும். கொஞ்சம் சூடாக்கிக் கொண்டுவாருங்கள்” என்றார்.

சிஸ்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், விளக்கு அறையிலிருந்து பாரஃபின் எடுத்துவரச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. விளக்கில் ஊற்றுவது என்று கையால் காட்டினார்.

“சிஸ்டர், அதைச் சூடாக்கவா?” என்று கேட்டேன்.

“டாக்டர் கேட்கிறார். நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கு.”

அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அமெரிக்க வைத்தியம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். அவர் சொன்னபடியே நான் செய்து, கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தபடியே மருந்து பூசும் தூரிகைக்குக் கை நீட்டினார்.

அந்தப் பெண் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “இன்னாம்மா இது, கிருஷ்ணாயில் நாத்தம் அடிக்குது? என்னைக் கொளுத்தப் போறீங்களா?”

டாக்டரம்மா கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார். “இது கெரசின்!”

“இதுதான் பாரஃபின்” என்றார் சிஸ்டர்.

“பாரஃபின் என்றால் மெழுகு!”

“எங்கள் நாட்டில் இல்லை.”

வெந்த புண்ணின்மேல் உருக்கிய மெழுகைப் பூசிக் காற்றுப் படாமல் மூடும் வழக்கம் யுத்தத்தின்போது பரவியது. டாக்டரம்மா கேட்டது அந்த மெழுகு. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கிண்ணத்தை வெளியே வைத்துவிட்டு, மருந்து அலமாரியிலிருந்து மெழுகுக் கட்டியை எடுத்து வெந்நீருக்குமேல் உருக்க வைத்தேன். கிருஷ்ணாயிலைப் பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது யோசிக்க நேரமில்லை.

மெழுகு பூசும்போது அந்தப் பெண் என்னைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். “ரெண்டு பேரும் பேசறது ஒரே பாஷைதானா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஒரே பாஷைதான்.”

“அப்புறம் எதுக்கு அவ்ளோ சண்டை?”

மெழுகு இறுகிவிடாமல் கிண்ணத்தை வெந்நீரில் தள்ளி வைத்தேன்.

இரண்டு நாள்போல அவர்கள் வேலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு காலைச் சுற்றில், டாக்டரம்மா இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்து, நடுவில் “மெளுகு” என்றார். சிஸ்டர் தலையசைத்து, “மெளுகு” என்று அவரைப் போலவே சொன்னார். அன்றிலிருந்து மண்ணெண்ணெய் அவர்களுக்குக் கிருஷ்ணாயில், மேலே இருக்கும் வார்டு மாடி. இப்படி ஏழெட்டுத் தமிழ் வார்த்தைகள் அவர்களுடைய இங்கிலீஷில் சேர்ந்துவிட்டன. யாரும் உட்கார்ந்து ஏற்பாடு செய்ததாகத் தெரியவில்லை. டாக்டரம்மா சொல்லும் தமிழைத்தான் சிஸ்டர் பழகினார், தப்போடு சேர்த்து.

கை ஆற நாளானது. சுண்டுவிரல் மட்டும் முழுவதும் மடங்கவில்லை. ஊருக்குப் போகும் நாளில் அந்தப் பெண் டாக்டரம்மாவையும் சிஸ்டரையும் தனித்தனியாகக் கும்பிட்டாள்.

அவர்கள் தோழிகளானார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிஸ்கட்டைப் பற்றிக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை என்று சமையல்காரர் சொல்வார். சிஸ்டர் தாய்நாடு திரும்பியபோது காட்பாடி ஸ்டேஷன்வரை டாக்டரம்மா கூடப் போனார். நான் பெட்டியோடு பின்னால் இருந்தேன். வண்டி நகர்ந்ததும் சிஸ்டர் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, “போயிட்டு வர்றேன்” என்றார். திரும்பி வரப்போவதில்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.