அறுத்த கம்பிக்கு நட்டஈடு உண்டா?

கடந்த கிழமை மாங்குளத்தில் பஸ் ஏறி, கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் புவனா அக்கா வீட்டுக்குப் போனேன். சும்மா போகவில்லை. "மதிப்பீட்டாளர் வாறாராம். எனக்கு வடிவாக் கதைக்கத் தெரியாது, நீ வந்து பக்கத்தில நில்லு" என்று போனில் அழாக்குறையாகக் கூப்பிட்டிருந்தார்.

அவருடைய காணிக்குப் பின்னால் இராணுவ விமான ஓடுபாதை. விமானம் ஏறி இறங்கும் வழி என்பதால் அங்கே மாடி கட்டத் தடை. தடையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு தரப்போகிறார்களாம். நல்ல செய்திதானே?

அக்காவுக்கு இரண்டு பெண்கள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடுதான் சீதனம். கீழ்வீடு மூத்தவளுக்குப் போய்விட்டது. இளையவளுக்கு மேல்வீடு... அதற்காகத்தான் கொங்கிறீட் கூரைக்கு மேலே தூண் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார். இளையவளின் கலியாணப் பேச்சு நடந்ததே அந்தக் கம்பிகளை நம்பித்தான்.

மதிப்பீட்டாளர் வவுனியாக்காரர், தமிழர். விறுவிறுவென்று கூரைக்கு ஏறினார். பின்னாலே நாங்களும் ஏறினோம். பார்த்தால் — ஒரு கம்பியையும் காணோம்!

"அக்கா, கம்பியெல்லாம் எங்கை?"

"நேற்று அறுப்பிச்சுப் போட்டன். தடையை மீறிக் கட்டப்போறம் எண்டு பிடிச்சிடுவினம் எண்டு பயந்திட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் யாரைத் திட்டுவது? அரசாங்க ஜீப் வாசலுக்கு வந்தால் முதலில் எதையாவது ஒளிப்பதுதான் எங்கள் பழக்கம். கொடுக்க வருபவர் யார், பிடிக்க வருபவர் யார் என்று பிரித்தறிய எங்களுக்கு யார் அவகாசம் தந்தார்கள்?

"மாடி கட்ட இருந்ததுக்கு அடையாளம் ஒண்டும் இல்லையே அம்மா. இல்லாத வீட்டுக்கு நான் என்னெண்டு நட்டஈடு எழுதுறது?" என்றார் அவர்.

இளையவள் படியிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரி குனிந்து தூணின் தலையைத் தடவினார். "வெட்டு புதுசாக் கிடக்கு..." என்று போனில் படம் எடுத்தார். படம் நட்டஈட்டுக்கா, வழக்குக்கா?

அதுவரை எனக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற அக்கா திடீரென்று முன்னுக்கு வந்தார்.

"எடுங்கோ ஐயா, வடிவா எடுங்கோ. கம்பிக்குத் தராட்டிலும் பரவாயில்லை. அதை அறுக்க வைச்ச பயத்துக்கு என்ன தருவினம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தாழப் பறந்து வந்தது. அக்கா, இளையவள், நான் — எல்லோரும் குண்டுவீச்சுக் காலத்துப் பழக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டோம்.

அதிகாரியும்தான்.