நல்ல சிலிண்டருக்கு வைத்த சிவப்புப் பொட்டு

அந்த சிலிண்டரில் ஒரு குறையும் இல்லை. குறை இருக்கிறது என்று நான் சொன்னது பொய்.

எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். இரண்டே வாக்கியங்கள்! இவற்றைச் சொல்ல எனக்கு ஏன் இத்தனை வருடங்கள் ஆயின? கொலை செய்தவன்கூட இதைவிடச் சீக்கிரம் வாயைத் திறந்துவிடுகிறான்...

நீங்கள் சிரிக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டுக்கா இத்தனை பீடிகை என்று. கொஞ்சம் பொறுங்கள். சிரிப்பதா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம்.

அறுபதுகளின் பிற்பகுதி. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. மற்றவர்கள் செய்ததை அளப்பது; ஏற்பது, அல்லது தள்ளுவது. தள்ளுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு தடவை அளக்க வேண்டும். கருவியைச் சரிபார்த்து மறுபடி அளக்க வேண்டும். இன்னொருவரையும் அளக்கச் சொல்ல வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால்தான், அது தவறிப்போய்க்கூட நல்லவற்றோடு சேர்ந்துவிடாதபடி அதன் நெற்றியில் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். இந்த முறையை நான் ஒருநாளும் மீறியதில்லை... தொழிற்சாலைக்குள்.

குடியிருந்தது ராயபுரத்தில், ஒரு வீட்டின் பின்கட்டில், தனியாக. கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஏலத்தில் எடுத்த ஒரு சிறிய கடைசல் லேத். கல்யாணம் ஆகாதவன் வாங்கக்கூடாத பொருள் அது என்பது வீட்டுக்கார அம்மாளின் கருத்து. சத்தம் போடும், ஆனால் சமைக்காது.

சவரிமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். பக்கத்துத் தெரு, என் வயதுதான். ஒருநாள் கொட்டகை வாசலில் நின்று, லேத்தில் இரும்பு சுருள் சுருளாக உரிவதை வெகு நேரம் பார்த்தான். பிறகு, இதில் ஒரு நீராவி எஞ்சின் செய்ய முடியுமா என்று கேட்டான். சின்னதாக, ஆனால் உண்மையாகவே ஓட வேண்டும்.

எதற்கு என்றேன்.

அவனுடைய அப்பா மிக்கேல், கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் நீராவிப் படகு ஒன்றில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். படகை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். அவருக்கோ கண்ணில் நீரழுத்தம். போன பார்வை திரும்பாது, மிச்சமும் மெல்லப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். பார்வை ஒரு குழாயளவுக்குச் சுருங்க, இருட்டு ஓரங்களிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. "கொயா வயியா பாக்குற மாரி கீதுபா" என்பார் அவர். எஞ்சின் ரூமில் இருந்த காலத்திலும் வெளியே பார்க்க ஓர் ஓட்டைதானே, அதனால் பெரிய நஷ்டமில்லை என்று சிரிப்பார்.

"நைனாக்கு கண்ணு முச்சூடும் போறதுக்குள்ள ஓடணும் சார். அம்மாந்தான்" என்றான் சவரி.

அம்மாந்தான்! என்னிடம் அவன் வேறெதுவும் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தது போல மறந்துவிடாதீர்கள்.

வேலை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடிந்ததும் நேராக வந்துவிடுவான். கையில் அவன் மனைவி பிலோமினா கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி. சட்டிக்குள் மீன் குழம்பு. நான் திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீட்டுப் பிள்ளை. முதல் ஞாயிறு மரியாதைக்காக முகர்ந்தேன். அடுத்த ஞாயிறு மரியாதைக்காக ருசித்தேன். அதற்கடுத்த ஞாயிறு வஞ்சிரமா சங்கராவா என்று கேட்கத் தொடங்கிவிட்டேன்... இதுவும் ஒரு வாக்குமூலம்தான். ஆனால் இது உறுத்தவில்லை.

அவனுக்குக் கடைசல் வேலை தெரியாது. ஆனால் கை நல்ல கை. டன் கணக்கான சரக்கை முட்டை போலக் கப்பலில் இறக்குகிறவனுக்கு லேத்தின் கைப்பிடியைத் திருப்பப் பாடம் எதற்கு? மோட்டாரைப் போடும் முன் ஒரு சிலுவை போட்டுக்கொள்வான். அளப்பது மட்டும் என் வேலை. மைக்ரோமீட்டரை வேறு யாரும் தொடக்கூடாது என்பது என் விதி. அதைத் துணியில் சுற்றி நான் பெட்டிக்குள் வைக்கும்போதெல்லாம், சாமியார் நற்கருணையை எடுத்து வைப்பது போல இருக்கிறது என்பான். அவன் கடைந்த எதையாவது நான் தள்ளினால் இன்னும் மோசம்.

"ஒங்களுக்குப் பொண்ணு பாத்தாகூட, ரெண்டு தவ் கம்மின்னு ரிஜெக்ட் பண்ணிடுவீங்க சார்."

அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தவ். தலைமுடியைவிட மெல்லியது. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு நல்ல எஞ்சினுக்கும் இருமுகிற எஞ்சினுக்கும்.

ஃபிளைவீல் சக்கரம் முடிந்தது. கிராங்க் முடிந்தது. பிஸ்டன் முடிந்தது. செம்பில் ஒரு குட்டிப் பாய்லர் செய்து, முறைப்படி தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதித்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. பச்சைப் பெயின்டும் அடித்தாயிற்று. மிஞ்சியது சிலிண்டர். படகின் அசல் எஞ்சினில் சிலிண்டர்கள் இரண்டு. நாங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள மிக்கேல் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்திருந்தார். திருவொற்றியூரில் ஒரு பவுண்டரியில் மர அச்சு கொடுத்து, கன்மெட்டல் என்னும் வெண்கலக் கலவையில் வார்த்து வாங்கினோம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் வெகு நாள் இருந்தது. அன்று வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, மிக்கேலின் முன்னால் எஞ்சினை ஓட்டிவிட வேண்டும் என்பது சவரியின் கணக்கு.

சிலிண்டரின் துளையை அவனே கடைந்தான். ஒரே சீராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. முடித்து, துடைத்து, என்னிடம் நீட்டிவிட்டுக் கை கழுவப் போனான். தண்ணீர்த் தொட்டியருகிலிருந்தே சொன்னான்:

"வர்ற ஞாயித்துக்கெயம ஓடிரும் சார். அப்பால நம்மளால ஒங்களுக்கு பேஜாரு இல்ல. நிம்மதியா தூங்குங்க."

அன்பாகத்தான் சொன்னான். ஒரு மனிதனின் ஞாயிறுகளை இத்தனை காலம் தின்றுவிட்டோமே என்ற கூச்சத்தோடு சொன்னான்!

நான் சிலிண்டரை அளந்தேன். குறுக்கே அளந்தேன்; திருப்பிவைத்து அளந்தேன். மேல் விளிம்பில், நடுவில், அடியில். எங்கள் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு கடைகிறவர்கள் வெட்கப்பட வேண்டிய துளை அது.

"ஓவல்" என்றேன். துளை சரியான வட்டமாக இல்லை என்று அர்த்தம்.

ஏன் சொன்னேன்? அந்தக் கணத்தை எத்தனையோ முறை எடுத்து அளந்து பார்த்துவிட்டேன். யோசித்துச் சொன்னதாக நினைவில்லை. வரப்போகும் ஞாயிறுகள் கண்முன் வந்தன... தூக்குச்சட்டி இல்லாத, சிலுவை போடும் கை இல்லாத, கேலி செய்ய ஆளில்லாத, நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஞாயிறுகள். வாய் தானாகப் பேசிவிட்டது. இதை ஒரு சமாதானமாக நீங்கள் ஏற்க வேண்டாம். நானே ஏற்கவில்லை.

அவன் ஈரக் கையோடு வந்தான். எவ்வளவு என்று கேட்டான். ரெண்டு தவ் என்றேன். அவன் மறுபடி அளக்கச் சொல்லவில்லை. என்னிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இன்னொருவர் அளக்கலாம் என்றால், கருவியைத் தொடக்கூடாது என்ற விதியைப் போட்டிருந்தவனும் நான்தான். முறையின் கடைசிப் படியை மட்டும் தவறாமல் செய்தேன். தூரிகையை எடுத்து, அந்த நல்ல சிலிண்டருக்குச் சிவப்புப் பொட்டு வைத்தேன்!

"என் கைதான் சார் நடுங்கிட்ச்சு" என்றான் சவரி. நைனாவை நினைத்துக்கொண்டே கடைந்ததால் நடுங்கியிருக்கும் என்று அவனே ஒரு காரணமும் கண்டுபிடித்தான்.

நான் திருட நினைத்தது இரண்டு மூன்று ஞாயிறுகளைத்தான். புதிய வார்ப்புக்கு அதற்கு மேல் ஆகாது. ஆனால் பவுண்டரியில் கன்மெட்டல் இல்லை. கன்மெட்டல் வந்தபோது ஐப்பசி மழை வந்தது. திருவொற்றியூர்த் தெருக்களில் முழங்கால் தண்ணீர். வார்ப்பு மணல் நனைந்துபோயிற்று. கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. எஞ்சின் இல்லாமலே எல்லோரும் கூடி, எனக்கும் கேக் கொடுத்தார்கள். மிக்கேல் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்பட வேண்டாம், சரியாகச் செய்தால் போதும் என்றார். அவர் பார்வை என் முகத்தைத் தேடி, கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்தது.

எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த ஞாயிறுகளிலும் நான் மீன் குழம்பு சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது...

தவக்காலத்தில் இரண்டாவது வார்ப்பு வந்தது. கடைந்தோம். உள்ளே பஞ்சு போலக் காற்றோட்டைகள். இதைத் தள்ள அளவுகருவியே வேண்டியிருக்கவில்லை. சவரி லேத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? தள்ளியவற்றைப் போடும் பெட்டியைத் திறந்து, முதல் சிலிண்டரை எடுத்து, "இது நல்லதுதான், நான் பொய் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை! அன்று மாலையே எஞ்சின் ஓடியிருக்கும். மிக்கேலுக்கு அப்போதும் ஓர் ஊசித்துளை அளவு பார்வை இருந்தது. ஃபிளைவீல் சுற்றுவது அந்தத் துளைக்குள் தெரிந்திருக்கும்.

நான் சொன்னது வேறு. பழைய சிலிண்டரைக் காப்பாற்றிப் பார்க்கிறேன் என்றேன். நுண்பொடியும் எண்ணெயும் வைத்து மெல்லத் தேய்த்தால் ஓவல் போய்விடும். துளை ஒரு மயிரிழை பெரிதாகும், பிஸ்டனைச் சுற்றி இறுக்கும் கிராஃபைட் கயிறு அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். எல்லாம் முறைப்படி சரியான பேச்சு. ஆனால் அவசரப்பட்டால் கெட்டுவிடும், சில வாரம் பிடிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

செய்தது என்ன தெரியுமா? மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சிவப்புப் பொட்டைத் துடைத்தேன். காப்பி ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிட்ட வேலை. மிச்ச வாரங்கள் முழுதும் பாவனை! சட்டென்று கொடுத்தால் சந்தேகம் வருமே... நம்பும்படியான ஒரு பழுதுபார்ப்புக்கு எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவு காலம் காத்திருந்தேன். முதல் தாமதத்தில் பவுண்டரிக்கும் மழைக்கும் பங்கு உண்டு. இந்தத் தாமதம் முழுதும் எனக்கே சொந்தம். ஓர் ஆசைக்காகக்கூட இல்லை, மானத்துக்காக.

அந்த வாரங்களில்தான் அவருக்கு மிச்சமிருந்த பார்வையும் போயிற்று.

ஈஸ்டர் கழிந்து, அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு ஸ்டூலின் மேல் எஞ்சினை வைத்தோம். ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினோம். பாய்லர் முணுமுணுத்தது. சவரி வால்வைத் திறந்து, ஃபிளைவீலை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். ஓடியது... என்ன ஓட்டம்! பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிக்கேல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காதைக் கொஞ்சம் சாய்த்தார்.

"சுத்துதா?" என்று கேட்டார்.

"சுத்துது நைனா" என்றான் சவரி.

"இன்னா கலரு அட்ச்சிகீறீங்க?"

சவரி என்னைப் பார்த்தான். கேள்வி என் பக்கம் வந்தது போல இருந்தது. பச்சை என்றேன்.

"நம்ப படகு எஞ்சின் கறுப்பு" என்றார். பிறகு, சொன்னது எங்கள் மனதை வருத்திவிடுமோ என்று அவசரமாக, "பச்சையும் நல்லாத்தான் இருக்கும், தம்பி."

அன்றே சவரி எல்லோரிடமும் சொல்லிவிட்டான்: தன் கை கெடுத்த சிலிண்டரை சார்தான் பிழைக்க வைத்தார். கேட்டவர்கள் என்னை வணங்காத குறை. மிக்கேலுக்கோ ஞாயிறுதோறும் எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும். எஞ்சினை ஓட்டிக்காட்ட நான் போக வேண்டும். போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். பார்த்தீர்களா? நான் திருடியதை எனக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள்! மிக்கேல் இறந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. சவரிக்கும் தலை நரைத்தது, எனக்கும் வேலை ஓய்ந்தது. ஞாயிறு மட்டும் அப்படியே.

சென்ற ஞாயிறு சவரியின் பேத்தி ஜெனிஃபர் வந்திருந்தாள். இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். சாப்பாட்டின்போது சவரி வழக்கமான கதையை எடுத்தான். கை நடுங்கியதிலிருந்து கயிறு சரிக்கட்டியது வரை. அவள் பிசைந்த கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கயிறு சரிக்கட்டிக்கும்னா, முதல்லயே சரிக்கட்டியிருக்குமே தாத்தா. அப்புறம் எதுக்கு ரிஜெக்ட் பண்ணீங்க?"

எவ்வளவு சரியான கேள்வி! இத்தனை காலத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. என் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ என்னை முறைப்படி அளந்தார்கள். பதில் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது.

சவரி முந்திக்கொண்டான்.

"கம்முனு துண்ணு. எங்க நைனா பாக்கப்போற எஞ்சினு, அதுல ஒரு கொற இருக்கக்கூடாதுன்னு தள்ளினாரு மனுசன். வேற எவனா இருந்தா ஏமாத்திட்டுப் போயிருப்பான்."

சொல்லிவிட்டு, சட்டியிலிருந்து பெரிய மீன் துண்டாக ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தான்.

நான் சாப்பிட்டேன். முள்ளை ஒதுக்கி, மெதுவாக, முழுதும் சாப்பிட்டேன். ஜெனிஃபர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மிக்கேலுக்குக் கண் வருமா என்று நான் கேட்டால், அதுவும் ஒரு தந்திரம் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவனை இழக்க எனக்குப் பயம், காரணம் அவ்வளவுதான்... அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

நாளை மறுநாள் ஞாயிறு. சவரி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். போவேன்.