ஆறு படிவங்களிலும் என் நம்பர்

யாருமே கொடுக்காத ஒரு பொறுப்பு நம்மிடம் வந்து சேர முடியுமா? மூன்று மாதமாக யோசிக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம். மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். பள்ளி வேன் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். அங்கே ஏறி இறங்குவது என் மகளோடு சேர்த்து ஆறு பிள்ளைகள். ஜூன் மாதம் வேன் படிவம் வந்தபோது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. மற்ற ஐந்து அம்மாக்களும் அதை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். நான் பி.எஸ்சி. முடித்தவள், அவர்கள் வீட்டு போன்களோ கணவர்களோடு பெங்களூரில் இருக்கும். அதனால் கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான். ஓடிபி வந்தால் ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்வேன். அதே பழக்கத்தில் ஆறு படிவங்களிலும் 'தொடர்புக்குரியவர்' என்ற கட்டத்தில் என் நம்பரை எழுதினேன்.

கடைசியில் ஒரு வரி இருந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ரோட்டைத் தாண்டித் தெருவில் விடும் ஆயாம்மா வராத நாட்களில், அவருடைய பொறுப்பு தொடர்புக்குரியவர் மேல் 'டிவால்வ்' ஆகும். அந்தச் சொல் தெரியாமல் அகராதியைப் பார்த்தேன். ஒருவர் இல்லாதபோது அவர் கடமை அடுத்தவரைச் சேர்வது என்று இருந்தது. 'டெலிகேட்' எனக்குத் தெரியும். அதில் கொடுக்கிறவர் ஒருவர் இருப்பார். மேனேஜர் கிளார்க்கிடம் வேலையைக் கொடுப்பார், கிளார்க் முகத்தைச் சுளிக்கவாவது செய்யலாம். இதில் கொடுக்கிறவரே கிடையாது. தலைவர் இல்லையென்றால் அவர் வேலை துணைத்தலைவர் மேல் வந்துவிடும், அவ்வளவுதான். புதிதாக ஒரு நல்ல சொல் கற்றுக்கொண்டோம் என்று சந்தோஷப்பட்டு, ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கி, நானும் போட்டேன். நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆயாம்மாவுக்குக் கல்வராயன் மலையில் ஊர். சாமை அறுப்பு வந்ததும் வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டார். அன்று சாயங்காலம் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு நான் திரும்பினேன். டிரைவர் கூப்பிட்டார்.

"மேடம், மீதி அஞ்சு புள்ளைங்கள யாரு இட்டுக்கினு போறது?"

"அவங்கவங்க அம்மா வருவாங்க."

"ஃபார்ம்ல உங்க நம்பர்தான கீது? எனக்கு இன்னொரு ட்ரிப்பு கீதுங்க."

வேன் போய்விட்டது. அம்மாக்கள் யாரும் வரவில்லை. ஆறையும் கைகோக்கச் சொல்லி ரோட்டைத் தாண்டினேன். தெருவுக்குள் வந்து எண்ணினால் ஐந்து. எதிர்வீட்டுப் பெண்ணின் மகளைக் காணோம். நாலு வயது. லாரிகள் பறக்கிற ரோடு. மற்றவர்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஓடினேன். பூட்டியது சரியா என்று ஓடும்போதே வேறு கவலை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவள் தன் அம்மா களை வெட்டிக்கொண்டிருந்த மரவள்ளிக் கொல்லையில், வரப்பில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். ரோட்டைத் தனியாகத் திரும்பத் தாண்டியிருக்கிறாள். அவள் அம்மா என்னைவிட நாலு வயது மூத்தவள், ஆனாலும் என்னை அக்கா என்பாள்.

"இன்னாக்கா, ஆறு புள்ளைய ஒன்னால பாத்துக்க முடியலியா? ஒன்ன நம்பித்தான நான் கொல்லைக்கு வந்தேன்."

"என்னைப் பாத்துக்கச் சொல்லி யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீதான எழுதன!" என்று சிரித்தாள். சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"நம்பர எடுத்துடு, வேலை முடிஞ்சுது," என்றார் என் கணவர். பள்ளிக்கு போன் செய்தேன். ஆபீஸ் அம்மா பொறுமையாகக் கேட்டார்: "எடுத்துடலாங்க. அங்க யாரு நம்பர் போடட்டும்?" ஐந்து வீட்டிலும் கேட்டேன். "ஒன் நம்பரே இருக்கட்டும்க்கா." ஒருத்தி ஒரு சொம்பு வேர்க்கடலை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நன்றியாம்!

ஆயாம்மா திரும்பி வரும்வரை மீதி நாட்கள் ஆறு பிள்ளைகளையும் துப்பட்டாவைப் பிடிக்கச் சொல்லி நடத்தி வந்தேன். இப்போது தையில் ஆயாம்மா வீட்டில் கல்யாணம், பத்து நாள் வரமாட்டாராம். எனக்கு இனி முடியாது என்று பள்ளிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நிற்கிறேன். கொடுத்தவர் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். கட்டத்தைக் காலியாக விட்டால், டிரைவர் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அந்த நாலு வயதுக்காரி மறுபடி ரோட்டைத் தாண்டுவாள். விடாவிட்டால் தினமும் நான் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும், ஒரு நாள் எண்ணிக்கை தப்பினால் அதற்கும் நான்தான்.

இதே மாதிரி மாட்டிக்கொண்டு வெளியே வந்த அம்மாக்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். கடிதத்தை யார் பெயருக்கு எழுதுவது? கட்டத்தில் யார் நம்பரைப் போடச் சொல்வது?