ரப்பர் பிடித்த கை

நூலகவியலும், பழைய நூல்களைக் கணினியில் ஆராயும் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸும் சேர்ந்த இரட்டை முதுகலைப் படிப்பில் நாற்பது வயதில் சேர்ந்தாள் அவள். இரண்டு துறைக்கும் நடுவே ஒரு மாடிப்படிதான், பேச்சுவார்த்தைதான் கிடையாது.

முதல் ஆண்டு, கீழ்மாடி நூலகவியல் துறை முந்நூறு பழைய புத்தகங்களைக் கொடுத்து, வாசகர்களின் பென்சில் கிறுக்கல்களை அழிக்கச் சொன்னது. விரல் காய்க்க அழித்தாள், முழு மதிப்பெண். மறு ஆண்டு, மேல்மாடி டிஜிட்டல் துறை அதே புத்தகங்களை நீட்டியது: வாசகர்களின் ஓரக் குறிப்புகளைக் கணினியில் தொகுக்க வேண்டுமாம்.

வீட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல?” என்றார் கணவர்.

“ஒண்ணு இருக்குங்க. ஒரு புத்தகத்தோட நடுப்பக்கத்துல, ‘அம்மாவுக்கு இதுவரைக்கும்தான் படிச்சுக் காட்ட முடிஞ்சது’ன்னு. படிச்சிட்டுத்தாங்க அழிச்சேன்.”

அதை மட்டும் கணினியில் பதிவு செய்தாள். ‘ஆதாரம்’ என்ற கட்டத்தில் விரல் நின்றது. பிறகு தட்டினாள்: ‘அழித்தவள் நான்.’