வேலை உடுப்பில் வந்த தூசி

டென்மார்க்கில், ஓகூஸ் நகரில் வசிக்கிறோம். போன வருடம் என் மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. ஊசியால் எடுத்துச் சோதித்தும் காரணம் தெரியவில்லை. என்ன வேலை செய்தாள் என்று மருத்துவர் கேட்டார். முதியோர் இல்லச் சமையலறையில் என்றாள். என் வேலையை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீர் மறுபடியும் சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து, விலா எலும்புகளுக்கிடையே கமரா விட்டு, நுரையீரலின் மேலுறையில் சிறு துண்டு எடுத்தார்கள். புற்றுநோய் அந்த உறையில் இருந்தது. இம்முறை மருத்துவர் என் வேலையைக் கேட்டார். இங்கு வந்த புதிதில் பழைய அஸ்பெஸ்டஸ் கூரைகளைக் கழற்றினேன் என்றேன். வேலை உடுப்பை யார் தோய்த்தது என்றார்.

"நான்தான்" என்றாள் மனைவி. "நல்லா உதறிப்போட்டுத்தான் தோய்ப்பன்." அப்படி உதறிய அஸ்பெஸ்டஸ் தூசி மூச்சில் போனால், பல வருடம் கழித்தும் இந்தப் புற்றுநோய் வரலாம் என்றார் மருத்துவர்.

காரில் ஏறியதும், "நான் முதலே சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கும் தெரியாதுதானே. காரை எடுங்கோ."

முதலே தெரிந்திருந்தாலும் குணமாக்கியிருக்க முடியாதாம். அந்த மூன்று மாதமாவது வீணாகியிருக்காது.

இப்போது எந்த மருத்துவரிடம் போனாலும், கேட்காமலே இருவரின் பழைய வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கூரை வேலைக்குப் போகும் நம் ஆட்களிடம், உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்கிறேன். "ஓம் அண்ணை" என்கிறார்கள். கேட்கிறார்களா, தெரியவில்லை.