எட்டு வராத ரவுட்டர்

வீடு வீடாய்ப் போய் இணைய ரவுட்டர் பூட்டும் தொழிலில் கம்பியும் கருவியும் சொன்னபடி கேட்கும். கேட்காதது வீட்டுக்காரர்தான் என்பது இதே தொழிலில் சிக்கியிருக்கும் உங்களுக்குத் தெரியும். 2000களின் பிற்பகுதியில் பதுளைப் பக்கம் நான் ஏறி இறங்கிய வீடுகளில், அப்புத்தளை கிளாக்கர் ஐயாவின் வீட்டை நினைத்தால் இன்றைக்கும் திகைப்புத்தான்.

விளக்கம் கேட்டவர்

ஐயா ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகமான கந்தோரில் பெரிய கிளாக்கர், கணக்கு எழுதுபவர். இணையத்தளத்தின் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண்ணைத் தேடிச் சொல்ல எங்கோ ஒரு கணினி இருக்கிறது. அந்தக் கணினியின் எண்ணை ரவுட்டரில் பதிவது என் வேலை. பதிந்தேன். அதை எங்கே, எப்படி மாற்றலாம் என்று ஐயா கேட்டார். யாராவது விளக்கம் கேட்டால் என்னால் சொல்லாமல் இருக்க முடியாது, செய்தே காட்டினேன்.

“சும்மா தெரிஞ்சு வச்சுக்கத்தான் தம்பி. நான் எதுக்கு அதத் தொடப்போறேன்?”

எல்லா விளக்கும் எரிகிறது

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவர் மகள் போன் செய்தாள். தாதியர் பயிற்சிக்கு அவள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அன்று பகல் பன்னிரண்டோடு காலக்கெடு முடிகிறது. ரவுட்டரில் எல்லா விளக்கும் எரிகிறதாம், ஒரு பக்கமும் திறக்கவில்லையாம். பண்டாரவளையில் நின்ற நான் ஓடினேன். போய்ப் பார்த்தால், நான் பதிந்த எண்ணின் கடைசி இலக்கம் மாறியிருந்தது. ஐயா ஒளிக்கவில்லை.

“நம்பரையெல்லாம் கூட்டிப் பாத்தேன் தம்பி, எட்டு வந்துச்சு. சனியோட நம்பரு. பாப்பா அப்ளிகேஷன் போடுற நேரத்துல எட்டு இருக்கலாங்களா? ஒன்னக் கூட்டி ஒன்பதாக்கிட்டேன்.”



ராகு காலம்

சரியான எண்ணைப் பதியப் போனேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்தார். ராகு காலமாம், வெள்ளிக்கிழமைகளில் அதுவும் பன்னிரண்டுக்குத்தான் முடியும். கோள்களைப் பற்றி நான் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பிடி இறுகியதுதான் மிச்சம்.

“அப்பா, ராகு போறப்ப என் படிப்பையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்” என்றாள் மகள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. “நான் கோழிக்குத் தீனி போடப்போறேன். நான் பாக்காதது எனக்குத் தெரியாது” என்று பின்கதவால் இறங்கிவிட்டார். நான் எண்ணை மாற்றினேன். அவள் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். விண்ணப்பம் கிடைத்ததாகத் திரையில் வந்ததும் அவள் போட்ட சத்தம் கோழிக்கூடு வரை கேட்டிருக்க வேண்டும்.

“முடிஞ்சிருச்சா? முடிஞ்சிருந்தா இப்பச் சொல்லாதீங்க, பன்னெண்டு அடிக்கட்டும்!” என்று அங்கிருந்து ஐயாவின் குரல் வந்தது.

சில ரவுட்டர்கள், வீட்டுக்காரர் கோழிக்கூட்டுக்குப் போன பிறகுதான் வேலை செய்யும் என்று எந்தக் கையேட்டிலும் போட்டிருக்கவில்லை.